அகராதி பிடித்த வீடு

போன வாரம் கண்ணாடிக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கரண்டி கீழே விழுந்த சத்தத்தோடு விட்டோம். அதை இன்னும் யாரும் குனிந்து எடுக்கவில்லை. அந்த வீட்டில் பொருள் விழுந்தால் எடுப்பதற்கு மூன்று பேர் ஓடிவருவது வழக்கம் என்பதால், நிலவரம் எப்படியிருக்கிறது என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் அதற்குள் ஒரு வாய் தேநீர் குடித்துக்கொள்ளலாம்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஆளுக்கொரு புதுச் சொல் கொண்டுவர வேண்டும். எந்த அகராதியிலும் இருக்கக் கூடாது. இரண்டு சொற்களை முட்டவிட்டு மூன்றாவதாக ஒன்று பிறக்க வேண்டும். இணையத்தில் சின்னப் பிள்ளைகள் இப்படி ஒட்டுப்போட்டு விளையாடுவதைப் பார்த்து மகன்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தான். சொன்னவர் அர்த்தம் சொல்ல மாட்டார். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவருக்கு அன்றைக்குப் பாத்திரம் தேய்ப்பதிலிருந்து விடுதலை.

வீட்டைவிட்டே கிளம்பாமல் "சிக்னல்ல நிக்கிறேன்" என்று போனில் சொன்னால் அது சாக்குபோக்குவரத்து. விடுமுறை நாளில் கண் விழித்த பிறகும் போர்வையை விடாமல் அடையும் நிலை, சோம்பேரின்பம். உங்கள் மனுவை எங்கே வைத்தோம் என்று உங்களிடமே கேட்கிற அலுவலர், மறதிகாரி. எல்லாவற்றுக்கும் கடைசித் தீர்ப்பு சொல்வது வீட்டு அம்மா. அதனாலேயே தெருவில் அவருக்கு நடுவர் என்று பெயர். சொல்லுக்கு மட்டும் நடுவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

விளையாட்டுக்கு ஒரே ஒரு கறாரான விதி. சொல் வாசப்படி தாண்டக் கூடாது. ஏனென்றால் ஒவ்வொரு சொல்லுக்கு அடியிலும் உயிரோடு நடமாடும் யாரோ ஒருவர் நசுங்கிக் கிடக்கிறார்.

தாண்டிவிட்டது. அதுதான் கதை.

'அகராதி பிடித்தவன்' என்று இணையத்தில் ஒரு பக்கம். யார் நடத்துகிறார்கள் என்று தெரியாது. அதில் 'மாமியாராய்ச்சி' என்று ஒரு சொல்லும், 'மருமகளின் அறைக்குள் எதையோ எடுக்க வந்ததுபோல் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போவது' என்று அதற்கு அர்த்தமும் வந்து, நடைப்பயிற்சித் தோழி ஒருத்தி மூலம் நடுவரின் போனுக்கே வந்து சேர்ந்தது. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவள் மருமகள். மேசையில் அதற்கு முதலில் சிரித்தவரே நடுவர்தான். வீட்டுக்குள் சிரிப்பாக இருந்தது வெளியே போனதும் மானமாகிவிட்டது. கண்ணாடிக்காரர் கை கழுவ எழுந்துபோன இடைவெளியில் "இதை வெளியே விட்டது நீதானே?" என்று நடுவர் மருமகளிடம் கேட்டார். கரண்டி விழுந்தது.

இனி இந்த வாரம்.

காலையில் கண்ணாடிக்காரர் தன் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்கப் போய்விட்டார். அவருக்கு ரத்த அழுத்தம். ஆகவே இந்த விவகாரம் அவர் காதுக்குப் போகவே கூடாது என்று மற்ற மூவரும் ஒற்றுமையாக முடிவு செய்திருந்தார்கள். அந்த வாரம் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியமும் அதுதான். மனிதர் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். இணையம் என்றால் அவருக்குப் பக்கத்துத் தெருவில் யாரோ புதிதாகத் திறந்திருக்கும் கடை மாதிரி. மேசை விளையாட்டிலும் அவர் சொல் எதுவும் கொண்டுவருவதில்லை. யார் என்ன சொன்னாலும், "இன்னொரு தடவை சொல்லு" என்பார். காது மந்தமாகி வருகிறது என்று வீட்டில் கவலைப்பட்டார்கள்.

அவர் தலை மறைந்ததும் நடுவரின் அக்கா கூப்பிட்டாள். கூப்பிட்டாள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. போனை மேசைமேல் வைத்திருந்தாலும் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் இன்று புதுச் சொல் வந்திருக்கிறதாம். அதன் அர்த்தத்தைப் படித்த அக்காவுக்குக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தது போல் இருந்ததாம்.

"தலையணையைக்கூடச் சொந்தமா எடுத்துட்டு வர்ற சொந்தம் நம்ம குடும்பத்துல எத்தனை பேர்டி?" என்று கேட்டாள் அக்கா. "இனிமே நான் வரல. தலையணையும் வராது."

நடுவர் போனோடு கூடத்துக்கு வந்தபோது மகன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். யார் எது சொன்னாலும் பிரிக்காமல் அப்படியே அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதால், தெருவில் அவனுக்குப் பார்சல் என்று பெயர். வேலைக்கும் பொருந்துவது தற்செயல்.

"படி," என்றார் நடுவர்.

பார்சல் படித்தான். "விருந்தொல்லை. வந்த அன்றைக்குப் போகும் தேதியைச் சொல்லாமல், தன் தலையணையை மட்டும் மறக்காமல் கொண்டுவரும் உறவு." படித்துவிட்டு, சிரிக்காமல் இருப்பதற்காக ரொட்டியைக் கடித்தான்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மருமகள் பக்கம் திரும்பினார் நடுவர். "இது யார் சொன்ன சொல்லு?"

"நீங்க சொன்னதுதான் அத்தை," என்றாள் அவள். உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்வதற்கும் ஒரு வேளை இருக்கிறதே.

"நான்தான் சொன்னேன். சாப்பாட்டு மேசையில, நாலு பேருக்கு நடுவுல சொன்னேன். அதுல உன் மாமாவுக்கு மெசேஜ் திறக்கவே தெரியாது. இவன் எழுதினா வரிக்கு ரெண்டு பிழை இருக்கும். இதுல ஒரு ஒற்றுகூட விடுபடல." நடுவர் கண்களைக் கசக்கிக்கொண்டார். ஒரு வாரமாக அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்துக் கண்கள் சிவந்திருந்தன. "நாள் முழுக்க எழுத்தோட உட்கார்ந்திருக்கிறது யாரு?"

மருமகளுக்கு அதுதான் வேலை. வீட்டிலிருந்தபடியே படங்களுக்கும் தொடர்களுக்கும் அடியில் ஓடும் வசன வரிகளைத் தட்டச்சு செய்து அனுப்புவாள். காலையில் காதில் மாட்டினால் மாலையில்தான் கழற்றுவாள் என்பதால் தெருவில் அவள் பெயர் ஹெட்போன். அவள் கேட்காத பேச்சில்லை என்றும், அவளுக்கு எதுவுமே கேட்பதில்லை என்றும் தெருவில் இரண்டு கட்சி உண்டு.

"நான் எழுதல அத்தை," என்றாள்.

"அப்ப கவலை எதுக்கு? இன்னைக்கு சாப்பிட உட்காரும்போது உன் போன் மேசைமேல இருக்கட்டும். பூட்டு எடுத்து வை. ஒரு பார்வை. அவ்வளவுதான்."

ஹெட்போன் தன் போனைப் பார்த்தாள். அது ஏற்கெனவே மேசைமேல்தான் இருந்தது, முகம் கவிழ்ந்து. அதை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். "காட்ட மாட்டேன் அத்தை."

அவ்வளவுதான். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி நடுவரின் முகத்தில் வந்து உட்கார்ந்தது. பார்சலின் முகத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. சமீப காலமாக அந்தப் போன் ஏன் எப்போதும் கவிழ்ந்தே கிடக்கிறது, மனைவி ஏன் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுகிறாள் என்று அவனுக்கும் ஓர் அகராதி திறந்துகொண்டது.

அறைக்குள் போய்க் கேட்டான். கூடத்தில் இருவரும் 'நீங்க'. அறைக்குள் 'நீ'.

"என்கிட்டயாவது காட்டேன்."

"உன்கிட்ட குடுத்தா அது பார்சல் ஆயிடும்."

தெருவின் பட்டப்பெயர் தன் படுக்கையறை வரை வந்துவிட்டது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். அன்று ஒரே பெட்டியை இரண்டு தடவை வண்டியில் ஏற்றி, மூன்றாவது பெட்டியை ஏற்றாமலே விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

சரி, போனில் என்னதான் இருந்தது? உங்களிடம் சொல்வதில் தவறில்லை. அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒரு வீடு இருந்தது. வாடகைக்கு. இரண்டு அறை, சின்னச் சமையலறை, சாய்வான வெயில் விழும் ஒரு பால்கனி. வீட்டுக்காரர் அனுப்பிய படங்களில் அவள் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தது பால்கனியை இல்லை. படுக்கையறைக் கதவை. அதில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது.

இந்த வீட்டில் அவர்கள் அறைக் கதவின் தாழ்ப்பாள் கல்யாணமான புதிதிலேயே கழன்று விழுந்துவிட்டது. மாட்டச் சொன்னபோது, "நம்ம வீட்டுக்குள்ள நமக்கெதுக்குத் தாழ்ப்பாள்?" என்று நடுவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த மருமகளால் பதில் சொல்ல முடியும்? அன்றிலிருந்து கதவுக்கு முட்டுக்கொடுப்பது ஒரு நாற்காலி. நாற்காலியின்மேல் அவள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருப்பதால் பகலில் அதுவும் கிடையாது.

பார்சலிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பாள். சொன்ன மறுநிமிடம் அது கூடத்தில் இறங்கிவிடும் என்று தினமும் விட்டுவிடுவாள்.

மதியம் வேலையில் உட்கார்ந்தாள். ஒரு குடும்பத் தொடரில் யாரோ கோபித்துக்கொண்டு உள்ளே போக, திரையில் '(கதவு அடைக்கும் ஓசை)' என்று தட்டச்சு செய்தாள். அதே நேரம் அவளுக்குப் பின்னால் நிஜக் கதவு ஓசையில்லாமல் திறந்தது.

நடுவர். கட்டிலைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், கடைசியாகக் கணினித் திரையைப் பார்த்தார். "துணி எடுக்க வந்தேன்," என்றார். அந்த அறையில் எடுப்பதற்குத் துணி எதுவும் இல்லை. அது இருவருக்கும் தெரியும். அந்தக் காரியத்துக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது என்பதும் இருவருக்கும் தெரியும்.

நடுவர் போனதும் வீட்டுக்காரரிடமிருந்து மெசேஜ் வந்தது. இன்னொருவரும் வீட்டைக் கேட்கிறார், இன்றைக்குள் சொல்லிவிடுங்கள்.

'வேணும்' என்று தட்டினாள். அழித்தாள். 'சாயங்காலம் சொல்றேன்' என்று அனுப்பினாள். அப்போதே மனதுக்குள் ஒரு தீர்மானமும் எழுதிக்கொண்டாள். இன்று மேசையில் தன்னை நம்பினால் இருப்பது. நம்பாவிட்டால், போனைத் திறந்து வைத்து, வீட்டுக்காரருக்கு எல்லார் கண்முன்னாலும் சரி என்று அனுப்பிவிடுவது. பார்சல் கூட வந்தால் வரட்டும். வராவிட்டால் அதுவும் தெரிந்த மாதிரி ஆகும்.

அவளும் யோசிக்காமல் இல்லை. தான் எழுதவில்லை என்று தனக்குத் தெரியும். அப்படியானால் மற்ற மூவரில் ஒருவர். அத்தையேதான் நடைப்பயிற்சியில் உளறிவிட்டு என் தலையில் போடுகிறாரா? புருஷன் கூரியர் ஆபீசில் சிரிப்புக் காட்டிவிட்டு ஊமையாக உட்கார்ந்திருக்கிறானா? ஒரு வீட்டில் சந்தேகம் மட்டும்தான் பங்கு போடப் போட அதிகமாகும் பண்டம்.

நடுவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். கண்ணாடிக்காரர் மதியம் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவார். இன்று அவருக்குச் சாப்பாடு தேடிப்போகிறது என்றதும் தெருவில் நாலு சன்னல் திறந்தது. உறவேவு என்று அந்த வீட்டு மேசையில் ஒரு சொல் உண்டு. உறவுக்காரர்கள் பார்க்கும் வேவு. தெருக்காரர்கள் பார்ப்பதற்கு இன்னும் சொல் பிறக்கவில்லை என்பதில் நமக்கெல்லாம் ஓர் ஆறுதல்.

ரத்த அழுத்தமாவது ஒன்றாவது, இன்று அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார் நடுவர். மருமகள் விஷயத்தில் வீட்டுப் பெரியவர் என்று ஒருவர் சத்தம் போட வேண்டாமா?

கடை சின்னது. சுவர் முழுக்க கண்ணாடிச் சட்டங்கள் மூக்கில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பின்னால் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். ஒரு திரைக்குப் பின்னால் கண் பார்க்கும் நாற்காலி. நடுவர் அந்தத் திரைக்குப் பின்னால் போய் வருஷக்கணக்காகிறது. கண்ணாடிக்காரர் மனைவி போட்டிருந்த கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டப்பட்டிருந்தது. எந்த வீட்டில்தான் கடைச் சரக்கு வீட்டுக்கு வருகிறது?

"என்ன அதிசயமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

நடுவர் ஆரம்பித்தார். உங்கள் மருமகள் என்ன செய்தாள் தெரியுமா என்ற வரை வந்தார். அதற்குள் அவர் மனைவியின் கண்களைக் கவனித்துவிட்டார். தொழில்காரர் அல்லவா. கதை எங்கே போகும், கண் முக்கியம். பேசப் பேசவே கையைப் பிடித்துக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தார். லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் அந்தக் கனத்த வட்டச் சட்டத்தை மூக்கில் ஏற்றினார். ஒரு லென்ஸைச் செருகினார். கிட்டத்தில் பிடித்துப் படிக்கத் தரும் அட்டையைக் கையில் கொடுத்தார். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து.

"மேலேருந்து படி."

நடுவர் படித்தார். "சாக்குபோக்குவரத்து. வீட்டைவிட்டே கிளம்பாமல்..." நிறுத்தினார்.

"நிறுத்தாத. அடுத்த வரி."

"விருந்தொல்லை," என்றார் நடுவர். குரல் கீழே போய்விட்டது. "வந்த அன்றைக்குப் போகும் தேதியைச் சொல்லாமல்..."

"தெளிவா இருக்கா, மங்கலா இருக்கா?"

"இது எப்படி இங்க வந்துச்சு?"

அவர் வேறொரு லென்ஸைத் தேடியபடியே சொன்னார். பழைய அட்டையை ஊரே மனப்பாடம் செய்துவிட்டதாம். முக்கியமாக டிரைவிங் ஸ்கூல்காரர் கூட்டிவரும் ஆட்கள். வெளியே வரிசையில் நிற்கும்போதே ஒருவருக்கொருவர் ஒப்பித்துவிட்டு உள்ளே வந்து கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். சரி என்று அட்டையை மாற்றினால் அதிலும் ஒரு சிக்கல்.

"தெரிஞ்ச வார்த்தைன்னா முதல் ரெண்டு எழுத்தைப் பார்த்ததும் மீதியை மனசே நிரப்பிடும். படிக்கிறது கண்ணா மூளையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நம்ம வீட்டு வார்த்தைங்களை எவனும் ஊகிக்க முடியாது. ஒவ்வொரு எழுத்தா பார்த்துத்தான் ஆகணும். கீழ அர்த்தத்தையும் சின்ன எழுத்துல போட்டுடறேன். சிரிப்பு வருதுன்னா அந்த வரி தெரியுதுன்னு அர்த்தம். வாராவாரம் மாத்திடுவேன்."

ராத்திரி மேசையில் அவருக்குக் காது மந்தமில்லை என்பது நடுவருக்கு அந்த நிமிடம் விளங்கியது. மனிதர் சரக்கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சொல்லு வாசப்படி தாண்டக் கூடாதுன்னு வீட்டுல விதி இருக்கா இல்லையா?"

"நான் எங்க தாண்ட விட்டேன்?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டார் அவர். "அட்டை கடைக்குள்ளயேதான இருக்கு. பாரு, கயிறு போட்டு நாற்காலியோட கட்டியிருக்கேன்."

கட்டித்தான் இருந்தது. நடுவர் அந்தக் கயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார். யாராவது படம் எடுத்தார்களா என்று கேட்டார். டிரைவிங் ஸ்கூல்காரர் வாராவாரம் எடுப்பாராம். பெரிய ரசிகராம். அடுத்த அட்டை எப்போது என்று போன் போட்டே கேட்பாராம். இணையத்தில் அந்தப் பக்கத்தை நடத்துவது யார் என்று இனிக் கேட்க வேண்டியதில்லை.

ஒரு வாரமாக நடுவரைத் தூங்கவிடாமல் செய்த குற்றவாளி, எதிரில் நின்று ஒரு லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதைப் போட்டுக் கடைசி வரியைப் படி. அதுதான் முக்கியம்."

கடைசி வரி எறும்பு ஊர்வது போல் இருந்தது. புது லென்ஸ் விழுந்ததும் எறும்புகள் எழுத்தாக நின்றன. நடுவர் வாய்விட்டுப் படிக்கவில்லை.

'கதவவதி: தாழ்ப்பாள் இல்லாத அறையில் இருப்பவர், வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் படும் பாடு.'

மருமகள் சொன்னது. இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால். மேசையில் சொன்னபோது கதவு, அவதி என்று இரண்டையும் பிரித்துக் கண்டுபிடித்தவர் நடுவரேதான். சிரித்துக்கொண்டே கண்டுபிடித்தார். அன்றைக்குப் பாத்திரமும் தேய்க்கவில்லை. அவருக்குப் பதிலாகத் தேய்த்தது யார் என்று இப்போது நினைவுக்கு வந்தது. காதில் சிரிப்பாக விழுந்த சொல்லை முதல் தடவையாக எழுத்து எழுத்தாகப் பார்த்தார். காலடிச் சத்தம் என்று போட்டிருந்தது. யாருடைய காலடி என்று போடவில்லை. அந்தப் பிள்ளை அவ்வளவு மரியாதை வைத்திருக்கிறது.

"தெரியுதா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"தெரியுது."

அவர் திருப்தியாக இயந்திரத்தைப் போட்டு லென்ஸைத் தேய்க்க ஆரம்பித்தார். நல்ல சட்டம் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். நூல் கட்டிய கண்ணாடி குப்பைக்குப் போயிற்று. உங்கள் மருமகள் என்ன செய்தாள் தெரியுமா என்று ஆரம்பித்தாயே, அது என்ன என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யல," என்றார் நடுவர்.

திரும்பும் வழியில் இரும்புச் சாமான் கடையில் நின்றார். புதுக் கண்ணாடியோடு எதையோ தூக்கித் தூக்கி, கையால் இழுத்து இழுத்துப் பார்த்து வாங்கினார். காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பை கனமாக இருந்தது என்பது வரைதான் தெருவுக்குத் தெரிந்தது.

விளக்குப் போட்டதும் நாலு பேரும் மேசையில் உட்கார்ந்தார்கள். சூப் ஆறிக்கொண்டிருந்தது. ஹெட்போன் தன் போனைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பூட்டு எடுத்திருந்தாள். முகம் கவிழ்த்துத்தான் வைத்தாள். விரல் அதன்மேலேயே இருந்தது. பார்சல் சூப்பைப் பார்க்கவில்லை, அந்த விரலைப் பார்த்தான்.

"பாருங்க அத்தை," என்றாள்.

நடுவர் போனை எடுத்தார். எடுத்ததும் பார்சல் மூச்சை இழுத்தான். ஆனால் அவர் பார்க்கவில்லை. அதைத் திருப்பி, முகம் மேலே இருக்கும்படி அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார். "தேவையில்ல. இனிமே இதை யாரும் கேக்க மாட்டாங்க."

பிறகு அட்டைக் கதையைச் சொன்னார். கயிறு வரும் இடத்தில் பார்சலுக்குப் புரையேறிவிட்டது. கண்ணாடிக்காரருக்கு எதுவும் சரியாகப் புரியவில்லை. என் அட்டையை அத்தனை பேர் படிக்கிறார்களா, எல்லாருக்கும் கடைசி வரி தெரிகிறதாமா என்று மட்டும் கேட்டார். ரத்த அழுத்தம் ஏறியதாகத் தெரியவில்லை. பெருமைதான் ஏறியிருந்தது. அக்காவுக்கு யார் போன் செய்வது என்ற பேச்சு வந்தது. சொன்ன வாய்தான் சொல்ல வேண்டும் என்று நடுவர் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

ஹெட்போன் சிரிக்கவில்லை.

நடுவர் மேசைக்கு அடியிலிருந்து காகிதப் பையை எடுத்தார். அதிலிருந்து ஒரு தாழ்ப்பாள் வந்தது. பித்தளை, தடியானது, அந்தக் கதவுக்குக் கொஞ்சம் பெரிதுகூட. கூடவே ஒரு பொட்டலம் திருகாணி. மகனிடம் நீட்டினார். "சாப்பிட்டது போதும். இதை உங்க ரூம் கதவுல மாட்டிட்டு வா." மருமகள் பக்கம் திரும்பாமல், சூப்பைப் பார்த்துக்கொண்டே, "கேட்டப்பவே செஞ்சிருக்கணும்," என்றார். அந்த வீட்டில் அதைவிட நீளமான மன்னிப்பை யாரும் கேட்டதில்லை.

பார்சல் திருப்புளியைத் தேடிக்கொண்டு துள்ளிக் குதித்து எழுந்துபோனான்.

ஹெட்போனின் கண் நிறைந்துவிட்டது. போனை எடுத்து, வீட்டுக்காரருக்கு 'வேண்டாம்' என்று ஒரே ஒரு சொல் அனுப்ப வேண்டும். அதற்கு முன் கண்ணைத் துடைக்க வேண்டும். புடவை ஓரத்தை எடுத்தாள். அந்த இரண்டு நொடி போதுமானதாக இருந்தது.

மேசைமேல் போன் விளக்கெரிந்தது. முகம் மேலே பார்த்துக் கிடந்தது. நடுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு ரொட்டித் தட்டுதான் தூரம். காலையாக இருந்திருந்தால் அவருக்கு அது வெறும் வெளிச்சம்.

'மத்தவங்களை வேண்டாம்னுட்டேன் மேடம். வீடு உங்களுக்குத்தான். நீங்க ரெண்டு பேர் மட்டும்தானே? சாவி ரெடி.'

விளக்கு அணைந்தது. ஹெட்போன் நிமிர்ந்தபோது நடுவரின் கண்கள் போனிலிருந்து மெல்ல அவள் முகத்துக்கு வந்துகொண்டிருந்தன. கண்ணாடி புதிது. ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பக்கம் இருப்பது முழுக்கத் தெரிந்தது.

"இன்னைக்கு யாரு சொல்லு?" என்றார் கண்ணாடிக்காரர், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு. அடுத்த வாரத்து அட்டை காலியாக இருக்கிறதே.

"என்னோடது," என்றார் நடுவர். "தனிக்குடித்தவிப்பு."

"இன்னொரு தடவை சொல்லு."

நடுவர் இன்னொரு தடவை சொன்னார். கணவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

"அர்த்தம் நீ சொல்லும்மா," என்றார் மருமகளிடம்.

கோபமா, வருத்தமா, அந்தக் குரலில் எது இருந்தது என்று சுவரில் காதை வைத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. போனைக் கவிழ்த்து வைக்கலாமா என்று ஹெட்போனின் கை போய், பாதியில் நின்றுவிட்டது.

அறையிலிருந்து பார்சலின் குரல் கேட்டது. இத்தனை நாளில் அந்த வீட்டில் யாரும் அவ்வளவு உற்சாகமாகப் பேசவில்லை.

"அம்மா, தாழ்ப்பாளை உள்பக்கம் வைக்கறதா, வெளிப்பக்கமா?"